ஆய்வுக்கூட வாயிலில் நின்ற பெண்கள்

கல்வி வரலாறு எழுதப் புகுவோர் பள்ளிகள் தோன்றிய ஆண்டுகளையும், பயின்றோர் தொகையையும், பட்டம் பெற்றோர் பட்டியலையும் கணக்கிட்டு அமைவது வழக்கம். அவை வேண்டுவனவே. எனினும், ஒருவர் ஓர் அறிவுத்துறைக்குள் எவ்வாறு நுழைந்தார், நுழைந்தபின் கருவியைத் தொட விடப்பட்டாரா, உழைத்து முடித்தபின் அவர் பெயர் ஏட்டில் ஏறிற்றா என்னும் மூன்று வினாக்களுக்கு விடை காணாத வரலாறு நிறைவு பெறாது. அறிவியலிலும் பொறியியலிலும் பெண்கள் ஆற்றிய பணியை இம்மூன்று வினாக்களைக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் கருத்தாகும். நம் கல்விச் சங்கம் வெள்ளிவிழாக் காணும் இவ்வேளையில், சாதியின் பெயரால் வாயிலில் நிறுத்தப்பட்ட ஒரு சமுதாயம் தன் பெண்மக்களைத் தானே வாயிலில் நிறுத்தாதிருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பதும் நம் கடமையாகும்.

கச்சியும் கல்வியும்

காஞ்சி மாநகர் பண்டுதொட்டே கல்விக்குப் பெயர்பெற்றது. இந்நகரின் கல்விப் பெருமையைப் பேசுவோர் மணிமேகலையை மறப்பதில்லை. ஆனால் அக்காப்பியம் கூறும் ஒரு செய்தியைப் பலர் கருத்தூன்றி நோக்குவதில்லை. வஞ்சி நகரில் பல்வேறு சமயவாதிகளின் தத்துவங்களைக் கேட்டறிய விரும்பினாள் மணிமேகலை. இளம்பெண் என்று கருதி அவர்கள் மெய்ப்பொருளை எடுத்துரையார் என்பதனால், ஆண் துறவியின் வடிவம் கொண்டு சென்றே அவற்றைக் கேட்டாள். பின்னர்ப் பசியால் வாடிய காஞ்சிக்கு வந்து அமுதசுரபியால் உணவளித்தாள். அறவண அடிகளிடம் தருக்க நெறியைக் கேட்டுத் தெளிந்ததும் இந்நகரிலேதான். அறிவைப் பெறுதற்கு ஒரு பெண் ஆணுருவம் தாங்க வேண்டியிருந்தது என்பதைப் பழந்தமிழ்ப் புலவர் சாத்தனாரே ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறார்.

மணிமேகலைக்கு வேற்றுருக் கொள்ளும் மந்திரமேனும் இருந்தது. நம் முன்னோர்க்கு அதுவும் இல்லை. காஞ்சிபுரம் அன்று செங்கற்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்தது. அம்மாவட்டத்தின் ஆட்சித் தலைவராயிருந்த திரமென்கீர் 1891ஆம் ஆண்டில் நம் மக்களின் அவலநிலையை விரிவாக ஆராய்ந்து அரசுக்கு அறிக்கை அளித்தார். அதன் பயனாகவே 1892ஆம் ஆண்டு ஆணையும் பஞ்சமி நிலங்களும் தோன்றின. மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893ஆம் ஆண்டில் தம் இதழைத் தொடங்கி நம் மக்களின் உரிமைக் குரலை எழுப்பினார். 1894ஆம் ஆண்டில் கர்னல் ஆல்காட் சென்னையில் பஞ்சமர் பள்ளியை நிறுவினார். எழுத்தறிவே எட்டாக்கனியாக இருந்த அக்காலத்தில், நம் குலப்பெண் ஒருத்தி ஆய்வுக்கூடத்தில் நின்று வேதியியல் பயில்வாள் என்று எவரும் கனவிலும் கருதியிருக்க மாட்டார். ஆயினும் நாற்பது ஆண்டுகள் கழிவதற்கு முன்னரே ஒரு பெண் அவ்வாயிலை எட்டினார். அவர் வாழ்ந்த நாடு கொச்சி. அவர் பெயர் தாட்சாயணி.

தொலைவில் நின்று கற்ற வேதியியல்

தாட்சாயணி வேலாயுதன் 1912ஆம் ஆண்டில் கொச்சியை அடுத்த முளவுகாடு என்னும் தீவில், புலையர் குலத்தில் பிறந்தார். அவர் பிறந்த மறு ஆண்டில், கூட்டம் கூடுவதற்கு நிலத்தில் இடம் பெறாத அம்மக்கள், காயலில் படகுகளை ஒன்றோடொன்று பிணைத்து அவற்றின்மேல் கூடித் தம் குறைகளை எடுத்துரைத்தனர். அக்கூட்டத்தை முன்னின்று நடத்தியோருள் தாட்சாயணியின் குடும்பத்தாரும் இருந்தனர். நிலத்தில் இடமில்லையாயின் நீரில் இடம் தேடிய அக்குடும்பத்தின் உறுதியே அப்பெண்ணைக் கல்லூரி வரை கொண்டு சென்றது.

எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் அவர் வேதியியல் பயின்றார். செய்முறை வகுப்பில் மேற்சாதி ஆசிரியர் அவருக்குச் சோதனைகளை அருகில் நிறுத்திக் காட்ட மறுத்துவிட்டார். பிறர் செய்வதைத் தொலைவில் நின்று பார்த்தே அவர் செய்முறையைக் கற்றுக்கொண்டார். 1935ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். இந்தியாவில் பட்டம் பெற்ற முதல் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண் அவரே. பின்னர்ச் சென்னையில் ஆசிரியப் பயிற்சி பெற்று, கொச்சி அரசின் பள்ளிகளில் ஆசிரியையாகப் பணியாற்றினார்.

வேதியியல் என்பது கண்ணால் மட்டும் கற்கும் கலை அன்று. அமிலத்தின் ஒரு துளி கூடினால் கரைசலின் நிறம் மாறும். அத்துளியை நிறுத்தும் பக்குவம் விரல்களுக்கு வரவேண்டும். அப்பக்குவத்தை ஒரு மாணவிக்குச் சாதியின் பெயரால் மறுத்துவிட்டு, தேர்வில் மட்டும் எல்லாரையும் ஒரே அளவுகோலால் அளந்தது அன்றைய கல்வி முறை. அந்நிலையிலும் அவர் வென்றார் எனின், அவ்வெற்றியின் பெருமை மற்றையோர் பட்டங்களினும் பன்மடங்கு உயர்ந்தது.

1946ஆம் ஆண்டில் தாட்சாயணி சென்னை மாகாணத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அச்சபையில் இடம்பெற்ற பெண்கள் பதினைவர். அவர்களுள் நம் வகுப்பினர் இவர் ஒருவரே. தீண்டாமையை ஒழிக்கும் பிரிவு 1948ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் விவாதத்திற்கு வந்தபோது அவர் எழுந்து உரையாற்றினார். சோதனை மேசையைத் தொடவிடாமல் தடுக்கப்பட்டவர், அத்தடையையே குற்றமாக்கும் சட்டத்தை ஆக்குவதில் பங்கு கொண்டார். நாடு ஒரு சட்ட அறிஞரைப் பெற்றது. ஆனால் அறிவியல் ஒரு வேதியியல் வல்லுநரை இழந்தது. முன்னதை எண்ணி மகிழும் நாம் பின்னதையும் மறத்தல் ஆகாது.

சான்றிதழில் திருத்தப்பட்ட சொல்

கொச்சியில் தாட்சாயணி ஆசிரியையாக இருந்த அதே காலத்தில், சென்னைக் கிண்டிப் பொறியியல் கல்லூரியின் வாயிலில் வேறொரு பெண் வந்து நின்றார். 1794ஆம் ஆண்டில் நில அளவைப் பள்ளியாகத் தோன்றிய அந்நிறுவனத்தில் அதுவரை பொறியியல் பயின்ற பெண் எவரும் இலர். வந்தவர் அ. லலிதா. 1919ஆம் ஆண்டில் சென்னையில் தெலுங்குக் குடும்பமொன்றில் பிறந்தவர். பதினைந்து வயதில் மணமாகி, பதினெட்டு வயதில் கைக்குழந்தையுடன் கைம்பெண் ஆனவர். அக்காலக் கைம்பெண்ணுக்குச் சமூகம் விதித்த வாழ்வு யாதென்பதை வாசகர்க்கு விளக்க வேண்டுவதில்லை.

லலிதாவின் தந்தையார் பப்பு சுப்பாராவ் அக்கல்லூரியிலேயே மின்பொறியியல் பேராசிரியர். மகள் படிக்க விரும்பினாள் என்றதும் அவர் முதல்வர் கே. சி. சாக்கோவிடம் பேசினார், பொதுக்கல்வி இயக்குநர் ஆர். எம். ஸ்டேதமின் இசைவும் பெறப்பட்டது. 1940ஆம் ஆண்டில் லலிதா மின்பொறியியல் வகுப்பில் சேர்ந்தார். ஆடவர் நடுவே தனித்திருத்தல் ஆகாதென்று பெண்கள் சேரலாம் என அறிவிக்கப்பட, லீலம்மா ஜார்ஜ், பி. கே. திரேசியா என்னும் இருவர் கட்டடப் பொறியியல் பயில வந்தனர். பட்டச் சான்றிதழ்களோ ஆடவருக்கென்றே அச்சிடப்பட்டிருந்தன. ஆண்பாலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை அடித்துவிட்டுப் பெண்பாற் சொல்லைக் கையால் எழுதித் தரவேண்டியதாயிற்று. மணிமேகலை ஆணுருவம் தாங்கினாள். இப்பெண்களோ அச்சிட்ட ஆணுருவத்தை அடித்துத் திருத்தச் செய்தனர்.

லலிதா ஜமால்பூர் ரயில்வே பணிமனையில் பயிற்சி பெற்று, சிம்லாவில் மத்திய அரசின் நிறுவனமொன்றில் பணியாற்றி, பின்னர்க் கல்கத்தாவில் தனியார் மின்பொறியியல் நிறுவனத்தில் நெடுங்காலம் பணிபுரிந்தார். பக்ரா நங்கல் அணையின் மின்சாரத்தைக் கொண்டு செல்லும் கம்பித் தடங்களை வடிவமைப்பதில் அவருக்குப் பங்குண்டு. 1964ஆம் ஆண்டில் நியூயார்க்கில் நடைபெற்ற பெண் பொறியாளர், அறிவியலார் முதல் உலக மாநாட்டில் கலந்துகொண்டார். 1979ஆம் ஆண்டில் மறைந்தார். உடன் பயின்ற திரேசியா 1971ஆம் ஆண்டில் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் பதவியை எய்தினார்.

இவ்விரு வரலாறுகளையும் அருகருகே வைத்து நோக்குக. தாட்சாயணிக்கும் லலிதாவுக்கும் அறிவில் ஏற்றத்தாழ்வு இல்லை, ஊக்கத்திலும் இல்லை. ஒருவருக்குக் கல்லூரியின் உள்ளேயே ஒரு தந்தை இருந்தார். முதல்வரிடம் பேச அவருக்கு நாவும் இருந்தது, தகுதியும் இருந்தது. மற்றவருக்கு உதவித்தொகை இருந்தது. மேசையருகே நிறுத்திக் காட்ட ஆசிரியர் ஒருவர் இல்லை. திறமை மட்டும் ஒரு பெண்ணைப் பொறியாளராக ஆக்கிவிடாது. வாயிலின் உட்புறத்தில் அவளுக்காகப் பேச ஒருவர் இருத்தல் வேண்டும்.

மறுக்கப்பட்ட பட்டமும் மறைக்கப்பட்ட பெயரும்

நுழைந்து, கருவியைக் கையாண்டு, பணியை முடித்தவர்க்கும் ஏற்பு எளிதிற் கிட்டியதில்லை. திருவிதாங்கூரைச் சேர்ந்த பீருமேட்டில் 1918ஆம் ஆண்டில் பிறந்த அன்னா மணி, சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் சிறப்புப் பட்டம் பெற்று, பெங்களூரில் சர். சி. வி. இராமனின் ஆய்வுக்கூடத்தில் வைரம், மாணிக்கம் ஆகியவற்றின் ஒளிப் பண்புகளை ஆராய்ந்தார். ஐந்து ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டு, 1945ஆம் ஆண்டில் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு அளித்தார். எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்னும் காரணம் காட்டி அவருக்கு டாக்டர் பட்டம் மறுக்கப்பட்டது. அவர் சோர்ந்திலர். இங்கிலாந்து சென்று வானிலைக் கருவியியல் பயின்று, 1948ஆம் ஆண்டில் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். ஏறத்தாழ நூறு வகைக் கருவிகளின் வரைபடங்களைத் தரப்படுத்தி, அவற்றை இந்நாட்டிலேயே செய்துகொள்ளும் நிலையை உருவாக்கினார். 1976ஆம் ஆண்டில் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வுபெற்று, 1980, 1981ஆம் ஆண்டுகளில் இந்தியாவின் சூரியக் கதிர்வீச்சைப் பற்றிய இரு பெருநூல்களை வெளியிட்டார். 2001ஆம் ஆண்டில் மறைந்த அவர், டாக்டர் பட்டம் இன்றியே உலகறிந்த அறிவியலாராய் வாழ்ந்தவர்.

அயல்நாட்டிலும் இதனினும் கொடிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. அமெரிக்கக் கறுப்பினப் பெண் ஆலிஸ் பால் 1915ஆம் ஆண்டில் ஹவாய்க் கல்லூரியில் வேதியியலில் முதுநிலைப் பட்டம் பெற்றார். அக்காலத்தில் தொழுநோய்க்கு மருந்தாக வழங்கியது நம் நீரடிமுத்து மரத்தின் இனத்தைச் சேர்ந்த சால்மூக்ரா எண்ணெய். அது பிசுபிசுப்பு மிக்கதாதலின் ஊசி வழியாகச் செலுத்த இயலாது, உண்டால் குமட்டும். அவ்வெண்ணெயை உடல் ஏற்கும் வடிவில் மாற்றி ஊசிமருந்தாக்கும் வழியை அப்பெண் கண்டுபிடித்தார். 1916ஆம் ஆண்டு இறுதியில், இருபத்துநான்கு வயதில் இறந்துபோனார். கல்லூரித் தலைவர் ஆர்தர் டீன் அவர் பெயரைச் சுட்டாமல் அம்முறையை வெளியிட, அது டீன் முறை என்றே வழங்கலாயிற்று. ஹோல்மன் என்னும் மருத்துவர் 1922ஆம் ஆண்டில் உண்மையை எடுத்துக்காட்டியும் பல்லாண்டுகள் எவரும் செவிசாய்க்கவில்லை. 2000ஆம் ஆண்டில்தான் அப்பல்கலைக்கழகம் ஒரு சால்மூக்ரா மரத்தடியில் அவர் பெயர் பொறித்த பலகையை வைத்தது. செங்கற்பட்டை அடுத்த திருமணியின் தொழுநோய் நிலையத்தை அறிந்த நம் பகுதி மக்களுக்கு, இந்நோயாளர் உற்ற துயரமும் அதனைத் தணிக்க உழைத்த ஒரு பெண்ணின் அருமையும் எளிதில் விளங்கும். நிறத்தாலும் பாலாலும் இருமுறை ஒதுக்கப்பட்ட அவருடைய கதை, சாதியாலும் பாலாலும் இருமுறை ஒதுக்கப்படும் நம் பெண்களின் கதையோடு ஒத்தது.

தறிமேட்டில் உள்ள பொறியியல்

இவ்வளவு தொலைவு செல்லாமல் நம் ஊரிலேயே பார்ப்போம். காஞ்சிப் பட்டுச் சேலையின் புகழ் உலகறிந்தது. உடலும் கரையும் வெவ்வேறு வண்ணமாக அமையும் கோர்வைச் சேலையில், மூன்று நாடாக்கள் ஓடி, ஒவ்வோர் ஊடையிலும் உடல் நூலும் கரை நூலும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள வேண்டும். தறியில் ஒரு பாவு முடிந்து மறு பாவு ஏறும்போது, பழைய இழைகளின் முனையோடு புதிய இழைகளை ஒவ்வொன்றாகத் திரித்து இணைப்பர். பாவு புணைத்தல் என்று இதற்குப் பெயர். ஆயிரக்கணக்கான இழைகளில் ஒன்று மாறினும் கரையின் கணக்குப் பிழைக்கும். இப்பணியையும், பட்டு இழைத்தலையும், தார் சுற்றுதலையும் செய்யும் கைகளில் மிகப் பல பெண்களின் கைகளே. நம் வகுப்புப் பெண்களும் கூலிக்கு இவற்றைச் செய்து வந்திருக்கின்றனர். எண்ணிக்கை, இழுவிசை, ஈரப்பதம் ஆகிய மூன்றையும் ஒருசேர அறிந்தாலன்றி இது கைகூடாது. எனினும் நெசவாளர் என்ற பெயர் தறியில் அமர்ந்தவர்க்கே உரியதாயிற்று; புணைத்தவள் பெயர் எங்கும் பதியப்படுவதில்லை.

தறியின் மேலே தொங்கும் ஜக்கார்டு அட்டைகளை அறியாதார் நம்மூரில் இலர். அட்டையில் துளையுள்ள இடத்தில் இழை எழும்; துளையில்லாத இடத்தில் எழாது. 1804ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் தோன்றிய இம்முறையைக் கண்டே, இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் தம் கணிப்பொறிக்குத் துளையிட்ட அட்டைகளால் ஆணையிடலாம் என்று திட்டமிட்டார். அப்பொறி எவ்வாறு கணக்கிட வேண்டும் என்பதைப் படிப்படியாக எழுதி 1843ஆம் ஆண்டில் வெளியிட்டவர் ஏடா லவ்லேஸ் என்னும் பெண்மணி. உலகில் வெளிவந்த முதற் கணினி நிரல் என்று அதனைப் பலரும் போற்றுகின்றனர். ஆகவே, அட்டைத் தறியின் ஓசையில் வளர்ந்த காஞ்சிப் பெண்ணுக்குக் கணினிப் பொறியியல் அயலான கலை அன்று. அவள் வீட்டுத் தறியின் உறவினர் கலையே அது.

இன்றைய நிலையும் நம் கடமையும்

காலம் மாறியுள்ளது. அரியலூரைச் சேர்ந்த ந. வளர்மதி 2012ஆம் ஆண்டில் ஏவப்பட்ட ரிசாட்-1 செயற்கைக்கோளின் திட்ட இயக்குநராக விளங்கி, 2015ஆம் ஆண்டில் தமிழக அரசின் முதல் அப்துல் கலாம் விருதைப் பெற்றார். 2023ஆம் ஆண்டில் மறைந்தார். 2019ஆம் ஆண்டின் சந்திரயான்-2 திட்டத்திற்கு மு. வனிதா இயக்குநராக இருந்தார். செங்கோட்டையில் பிறந்து, திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரியில் பயின்ற நிகார் ஷாஜி, 2023ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள் ஏவப்பட்ட ஆதித்யா-எல்1 திட்டத்தின் இயக்குநர். சிற்றூரில் பிறந்து அரசுக் கல்லூரியில் பயின்றவர் கதிரவனை ஆராயும் கலத்தை நடத்திச் செல்லலாம் என்பதற்கு இவரினும் வேறு சான்று வேண்டா.

சட்டமும் துணைநிற்கிறது. ஆதிதிராவிடருக்கு 18 விழுக்காடும், அதனுள் 2009 முதல் அருந்ததியருக்கு 3 விழுக்காடும் ஒதுக்கப்பட்டன. 2010ஆம் ஆண்டில் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கட்டணச் சலுகை வந்தது. 2021ஆம் ஆண்டில் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு முன்னுரிமை வந்தது. 2022ஆம் ஆண்டில் அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி செல்லும் பெண்களுக்குத் திங்கள்தோறும் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் தொடங்கியது. வாயில் திறந்திருக்கிறது எனலாம்.

ஆயினும், பல்லாண்டு ஆசிரியப் பணியில் யான் கண்ட ஒன்றை மறைக்க விரும்பவில்லை. பதினோராம் வகுப்பில் பிரிவு தேரும் நாளில், கணிதத்தில் நல்ல மதிப்பெண் பெற்ற மகளையும் எளிய பிரிவில் சேர்த்துவிடுங்கள் ஐயா என்று கேட்கும் பெற்றோர் நம்மவருள்ளும் உளர். மகனுக்காக அவ்வாறு கேட்போர் அரியர். செய்முறை வகுப்பிலோ, நால்வருக்கு ஒரு கருவி என்று அமைந்துவிட்டால், மாணவன் கருவியைப் பிடிப்பான். மாணவி அளவீட்டைக் குறிப்பேட்டில் அழகாக எழுதுவாள். எவரும் தடுக்காமலே, தாட்சாயணி நின்ற தொலைவில் அவளும் நிற்கிறாள். அன்று நிறுத்தியது அயலார் வகுத்த தீண்டாமை. இன்று நிறுத்துவது நம் வீட்டு வழக்கம். தீண்டாமையை எதிர்த்து நின்ற நமக்கு இவ்வழக்கத்தைப் பொறுத்துக்கொள்ளும் உரிமை இல்லை.

லலிதாவுக்கு ஒரு சுப்பாராவ் இருந்தார். நம் பெண்களுள் பலருக்குப் பெற்றோர் கூலி உழைப்பாளர். கல்லூரி முதல்வரிடம் சென்று பேசும் வாய்ப்பு அவர்க்கு இல்லை. அவ்விடத்தில் நிற்க வேண்டியது நம் கல்விச் சங்கமே. ஆகவே மூன்று வேண்டுகோள்களைச் சங்கத்தின் முன் வைக்கிறேன். முதலாவது, பத்தாம் வகுப்பு முடிவுகள் வெளிவந்தவுடன் சங்கத்தார் வீடுதோறும் சென்று, தகுதியுள்ள பெண்களைக் கணித, அறிவியல் பிரிவில் சேர்க்கப் பெற்றோரிடம் பரிந்துரைத்தல் வேண்டும். இரண்டாவது, சங்க மாலை வகுப்பில் ஒரு செய்முறை மேசையேனும் அமைத்து, ஒவ்வொரு மாணவியும் தன் கையால் கருவியைக் கையாளச் செய்தல் வேண்டும். மூன்றாவது, சங்கத்தின் உதவியால் செவிலியர், ஆய்வக உதவியாளர், தொழில்நுட்பர், பொறியாளர், அறிவியல் ஆசிரியை என எத்துறையிலேனும் அமர்ந்த பெண்களின் பெயர்களையும் பணிகளையும் ஆண்டுதோறும் ஏட்டில் பதிந்து காத்தல் வேண்டும். நுழைவு, கருவி, பெயர் என்று தொடக்கத்தில் கூறிய மூன்று வினாக்களுக்கும் இவை மூன்றும் விடையாகும்.

இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டா. வெள்ளிவிழாவின் ஆரவாரச் செலவில் ஒரு பகுதியை ஒதுக்கினாலே அம்மேசை அமைந்துவிடும். இச்சங்கம் பொன்விழாக் காணும் நாளில் வெளியிடப்படும் மலரில், இந்நகரச் சேரிகளில் பிறந்து பொறியியலிலும் அறிவியலிலும் தலைநிமிர்ந்த பெண்களின் பட்டியல் முதற்பக்கத்தில் இடம்பெறுவதாக. அதனை எழுதும் கையும் ஒரு பெண்ணின் கையாக அமைவதாக. சங்கம் வாழ்க, கல்வி வளர்க!